பைசாவை எந்தச் சொல்லில் தேடுவது?

கேள்வி: ஐயா, வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் கடையில் கணக்கு எழுதுகிறேன். பல ஆண்டுகள் டேலி இஆர்பி 9 என்ற கணக்கு மென்பொருளில் பழகிவிட்டு, இப்போது அதன் புதிய பதிப்பான டேலி பிரைமுக்கு மாறியிருக்கிறோம். சந்தேகம் வந்தால் உதவிப் பக்கத்தைத் திறந்து, மனதில் இருக்கும் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் தட்டுகிறேன். சில சமயம் எதுவும் இல்லை என்கிறது; சில சமயம் சம்பந்தமே இல்லாத பக்கங்களைக் கொட்டுகிறது. பில்லில் விழும் பைசாவை முழு ரூபாயாக்குவது, எக்செலில் வங்கிக் கணக்கு எண்ணுக்கு முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்துபோவது, லட்சத்துக்குரிய காற்புள்ளி தவறான இடத்தில் விழுவது ஆகிய மூன்றையும் தேடித் தேடி அலுத்துவிட்டேன். கணினி பார்க்க வரும் தம்பியைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார். முதலாளி என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. இதைத் தேடுவதற்கென்று முறை ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மென்பொருள்களுக்கு உதவிக் குறிப்பு எழுதுவதுதான் என் தொழில். நீங்கள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பக்கங்களை எழுதும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அதனால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உதவிப் பக்கங்களின் மேலே இருக்கும் தேடல் பெட்டிகளில் பெரும்பாலானவை உங்கள் கேள்வியைப் புரிந்துகொள்வதில்லை. எல்லாப் பக்கங்களிலும் உள்ள சொற்களை முன்கூட்டியே எடுத்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் தட்டும் சொல் அந்தப் பட்டியலில் இருந்தால் பக்கம் வரும், இல்லையென்றால் வராது. உங்கள் கடைக்கு விழுப்புரத்துக்காரர் ஒருவர் வந்து மல்லாட்டை என்ன விலை என்று கேட்டால், கடைப் பையன் ஒரு கணம் விழித்துவிட்டு, ஓ, நிலக்கடலையா என்று எடுத்துக் கொடுத்துவிடுவான். பெட்டிக்கு அந்த ஒரு கணம் கிடையாது. அதன் பட்டியலில் நிலக்கடலைதான் இருக்கிறது.

அப்படியானால் எங்கள் பட்டியலில் இருக்கும் சொல் எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? விடை உங்கள் கண் முன்னாலேயே இருக்கிறது. உதவி எழுதுபவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: திரையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே எழுத வேண்டும், ஒரு பொருளுக்கு ஒரே சொல்தான். கதை எழுதுகிறவர்கள் ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் அதற்கு நேர்மாறு. திரையில் டிலீட் என்று இருந்தால் பக்கம் முழுக்க டிலீட்தான். ரிமூவ் என்று ஒரு தடவை எழுதினால்கூட மேலே இருப்பவர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். ஆகவே தேடுவதற்கு முன் திரையைப் படியுங்கள். மெனுவில், பெட்டியின் தலைப்பில், கட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர்களில் உங்கள் வேலைக்கு நெருக்கமானது எது என்று பாருங்கள். அந்தச் சொல்லையே தட்டுங்கள்.

உங்கள் பைசா விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் என்ன தட்டியிருப்பீர்கள் என்று எழுதவில்லை. அனேகமாக பைசா, பில், ரிமூவ் என்ற மூன்றும் அதில் இருந்திருக்கும். டேலியின் திரைகளில் பில் என்பது பாக்கித் தொகையைப் பில் வாரியாகப் பார்க்கும் வேறொரு வசதியோடு சேர்ந்து வரும் சொல். ஆகவே அந்தப் பக்கங்கள்தான் உங்கள் மேல் கொட்டியிருக்கும். இப்போது தேடலை விட்டுவிட்டு, புதிதாக ஒரு லெட்ஜர், அதாவது பேரேட்டுக் கணக்கு, உருவாக்கும் திரையைத் திறந்து பாருங்கள். லெட்ஜர் எந்த வகை என்று கேட்கும் இடத்தில் இன்வாய்ஸ் ரவுண்டிங் என்று ஒரு தேர்வு இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய சொல் அதுதான். உதவிப் பக்கத்தில் அந்த இரண்டு சொற்களை மட்டும் தட்டினால் நேராகப் போய் நிற்பீர்கள். மறைமுகச் செலவு போன்ற ஒரு தலைப்பின் கீழ் ஒரு லெட்ஜர் உருவாக்கி, வகையை இன்வாய்ஸ் ரவுண்டிங் என்று வைத்து, முறையை நார்மல் ரவுண்டிங் என்றும் வரம்பை 1 என்றும் கொடுத்தால், விற்பனைப் பதிவில் அந்த லெட்ஜரைச் சேர்க்கும்போது பைசா தானே சரியாகிவிடும். எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்பதை மட்டும் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விசையை அழுத்துவது என்பதைத்தான் உதவிப் பக்கம் சொல்லும். கணக்கு முடிவு அதன் வேலை அல்ல.

டேலி பிரைமில் இன்னொரு சலுகையும் உண்டு. கண்ட்ரோல் விசையோடு எஃப்1ஐ அழுத்தினால், நீங்கள் அப்போது நிற்கும் திரைக்குரிய உதவிப் பக்கமே திறக்கும். இணைய இணைப்பு வேண்டும், அவ்வளவுதான். தேடாமலே பாதி தூரம் போய்விடலாம்.

எக்செல் பூஜ்யம் வேறு மாதிரி. அங்கே திரையில் பிடித்துக்கொள்ள ஒரு சொல்லும் இல்லை. பூஜ்யம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. இந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் புகாரைத் தட்டுகிறார்கள்: பூஜ்யம் காணவில்லை, எண் மாறிவிட்டது, எக்செல் சரியாக வேலை செய்யவில்லை. நாங்கள் புகாரைத் தலைப்பாக வைப்பது குறைவு. செய்ய வேண்டிய வேலையைத்தான் தலைப்பாக்குவோம். புகாரைப் புரட்டிப் போட்டு, 'எனக்கு என்ன வேண்டும்' என்று ஒரு வினைச்சொல்லோடு கேட்டுப் பாருங்கள். பூஜ்யம் போகக் கூடாது, அதாவது அது அப்படியே இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு கீப். எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லீடிங் ஜீரோ. கீப் லீடிங் ஜீரோஸ் என்று தட்டினால் வேண்டிய பக்கம் முதலிலேயே வரும்.

அந்தப் பெயர் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். தெரியாதபோது இரண்டு சுற்றாகத் தேட வேண்டும். முதல் சுற்றில் விடையைத் தேடாதீர்கள், சொல்லைத் தேடுங்கள். எக்செல், பூஜ்யம், அக்கவுண்ட் நம்பர் என்று உங்களுக்குத் தெரிந்த சொற்களைப் போட்டு, வரும் பக்கங்களைத் திறக்காமல் தலைப்புகளையும் கீழே உள்ள இரண்டு வரிகளையும் மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஒரே சொல்லோ தொடரோ இரண்டு மூன்று இடங்களில் திரும்ப வந்தால் அதுதான் அவர்களுடைய சொல். அதை எடுத்துக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குப் போங்கள். முதல் சுற்றில் வந்த பக்கங்களையே மேலும் கீழும் புரட்டிக்கொண்டு நேரத்தைத் தொலைக்கிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

விடையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பணம் சம்பந்தப்பட்டது. எண்ணைத் தட்டுவதற்கு முன் அந்தக் கட்டங்களின் வடிவமைப்பை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு எண்கள்தான் என்றால் எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போதும். பூஜ்யத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை வெறும் எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் போனது திரும்பாது. மறுபடி தட்டத்தான் வேண்டும். சரக்கு அனுப்பியவர்களுக்கு வங்கி வழியாகப் பணம் போடும் பட்டியலை எக்செலில் வைத்திருந்தால் இன்றே ஒரு தடவை சரிபாருங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் சுவையாகப் பட்ட இடத்துக்கு வருகிறேன். ஒரு சமயம் எதுவுமே வருவதில்லை, இன்னொரு சமயம் கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: முழு வாக்கியமாகத் தட்டுவது. சில தேடல் பெட்டிகள் நீங்கள் கொடுக்கும் எல்லாச் சொற்களும் உள்ள பக்கத்தை மட்டுமே காட்டும். பத்துச் சொல் கொடுத்தால் பத்தும் இருக்கும் பக்கம் எங்கே இருக்கப்போகிறது? ஆகவே எதுவும் இல்லை என்கிறது. வேறு சில பெட்டிகள் ஏதாவது ஒரு சொல் இருந்தாலே எடுத்துக் காட்டிவிடும். அங்கே பத்துச் சொல் கொடுத்தால் பாதி உதவியும் வந்து விழும். உங்கள் பெட்டி எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சிறிய சோதனை போதும். ரவுண்டிங் என்று ஒரு சொல்லைத் தட்டி எத்தனை பக்கம் வருகிறது என்று பாருங்கள். அதோடு இன்வாய்ஸ் என்பதைச் சேர்த்து மறுபடி தேடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் முதல் ரகம், கூடினால் இரண்டாவது. முதல் ரகத்தில் சொற்களைக் குறைத்துக்கொண்டே போனால் வழி திறக்கும். இரண்டாவது ரகத்தில் பொதுவான சொற்களை விட்டுவிட்டு, அந்த மென்பொருளுக்கே உரிய அரிதான ஒரே ஒரு சொல்லைக் கொடுங்கள். எப்படி, என்ன, செய்வது, வேண்டும் போன்றவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் இரண்டிலுமே பயன்படாதவை. எல்லாப் பக்கத்திலும் இருக்கும் சொல்லால் எந்தப் பக்கத்தையும் பிரித்தெடுக்க முடியாது. மென்பொருளின் பெயரும் அப்படித்தான்: டேலியின் உதவித் தளத்துக்குள் நின்றுகொண்டு டேலி என்று தட்டுவதால் என்ன லாபம்?

இரண்டு சொற்கள் அடுத்தடுத்து அதே வரிசையில் வர வேண்டும் என்றால், அவற்றை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பல தளங்களில் இது வேலை செய்யும். தளத்தின் சொந்தத் தேடலே மோசம் என்றால் (மோசமானவை நிறைய உண்டு, எங்கள் தொழிலில் தேடலுக்குச் செலவிட முதலாளிகளுக்கு மனம் வருவதில்லை) கூகுளை வைத்து அந்தத் தளத்துக்குள் தேடலாம். சைட் (site) என்ற ஆங்கிலச் சொல், உடனே முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் உதவித் தளத்தின் முகவரி, அதன் பிறகு ஓர் இடைவெளி விட்டு உங்கள் சொற்கள். இப்படித் தட்டினால் அந்தத் தளத்தின் பக்கங்கள் மட்டுமே வரும். தளத்தைக் குறிப்பிடாமல் பொதுவாகத் தேடி, மேலே வரும் வாடிக்கையாளர் சேவை எண்களை நம்பி அழைக்காதீர்கள். அதில் மோசடிக்காரர்களும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். அப்படி யாரிடமாவது பணம் போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல்ல வேண்டும்.

பக்கம் கிடைத்துவிட்டது. அத்தோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உதவிப் பக்கங்கள் சில சமயம் நீளமாக இருக்கும். கண்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி, தேடிய சொல்லைப் பக்கத்துக்குள்ளேயே மறுபடி தேடுங்கள். இடத்துக்குப் போனதும் நேராக முதல் படியில் குதிக்காமல், அதற்கு மேலே உள்ள பத்தியைப் படியுங்கள். இந்த வசதியை முதலில் இயக்கியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை நாங்கள் எழுதுவது அங்கேதான். உதவியில் சொன்னது என் திரையில் இல்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பத்திதான் பதில். மற்றொரு காரணம், நீங்கள் புதிதாக மாறியிருப்பதால் உங்களுக்கு அடிக்கடி நேரக்கூடியது: பழைய பதிப்பின் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பது. லெட்ஜர் உருவாக்க அக்கவுண்ட்ஸ் இன்ஃபோ என்ற மெனுவுக்குப் போ என்று ஒரு பக்கம் சொன்னால், அது இஆர்பி 9க்கானது. பிரைமில் அந்த மெனு கிடையாது. முதல் திரையில் கிரியேட் என்பதிலிருந்து போக வேண்டும். வழி தெரியாவிட்டால் ஆல்ட் விசையோடு ஜியை அழுத்தி, வரும் பெட்டியில் லெட்ஜர் என்று தட்டுங்கள். அதுவும் ஒரு தேடல் பெட்டிதான், உதவிக்குப் பதிலாக நேராகத் திரைக்கே கூட்டிப்போகும்.

பிழைச் செய்தி வந்தால் மட்டும் இதுவரை சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே சுருக்கக் கூடாது; செய்தியை எழுத்துக்கு எழுத்து அப்படியே தட்டுங்கள். ஆனால் உங்கள் கடைக்கு மட்டுமே உரியவற்றை, அதாவது பில் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், கோப்பு இருக்கும் இடம் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். உங்கள் பில் எண் உலகத்தில் எந்த உதவிப் பக்கத்திலும் இருக்காது. பிழைக்கு எண் இருந்தால் அது வரப்பிரசாதம். எக்செல் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸின் கால்க்கில் 508 என்ற எண்ணைத் தேடினால், சூத்திரத்தில் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருக்கிறது என்று தெரியும். 522 என்றால் சூத்திரம் தன்னையே திரும்பச் சுட்டிக்கொண்டிருக்கிறது. எக்செலில் வரும் பிழைகளைத் தேடும்போது முன்னால் உள்ள # என்ற குறியையும் பின்னால் உள்ள வியப்புக்குறியையும் பல பெட்டிகள் கண்டுகொள்வதில்லை. எழுத்துகளோடு எரர் என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டுங்கள். எழுத்துக்கூட்டலும் ஒரு தொல்லை. நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் ஆங்கிலம். அமெரிக்க மென்பொருள்களின் உதவி அமெரிக்க எழுத்துக்கூட்டலில் இருக்கும். கலர், சென்டர் போன்ற சொற்களில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

தமிழில் தேடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். தேடலாம், ஆனால் சொல்லை வேற்றுமை உருபு ஒட்டாத குட்டி வடிவத்தில் கொடுங்கள். அச்சிடுவதற்கு என்று தட்டினால் அச்சிடுதல் என்று எழுதிய பக்கம் தப்பிப் போகும். அச்சு என்றால் வாய்ப்பு அதிகம். பழைய தமிழ்க் கையேடுகள் பிடிஎஃப் கோப்பாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் சொல்கூடத் தேடலில் சிக்காமல் போகலாம். அவை பாமினி, வானவில் போன்ற ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவையாக இருக்கும். உள்ளே இருப்பது வேறு எழுத்துகள், தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேலை. அங்கே பொருளடக்கத்தைப் பார்ப்பதுதான் வழி.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் என்ன என்று உங்கள் கடைத் தம்பி சொல்லக்கூடும். கேளுங்கள், முதல் சுற்றுக்கு அது நல்ல ஆள். உங்கள் மொழியில் குறையைச் சொன்னால் அவர்களுடைய சொல் என்ன என்று எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் இல்லாத மெனுவை இருப்பதாகவும் அடித்துச் சொல்லும். அது கொடுத்த சொல்லை எடுத்துக்கொண்டு உதவிப் பக்கத்தில் தேடிச் சரிபார்த்த பிறகு கை வையுங்கள்.

கடைசியாக அந்த லட்சத்துக் காற்புள்ளி. இதை நீங்கள் எக்செலின் உதவியில் தேடித் தேடி அலுத்ததில் வியப்பில்லை, ஏனென்றால் விடை இருப்பது விண்டோஸில். எக்செல் காற்புள்ளியை எங்கே போடுவது என்பதை விண்டோஸின் வட்டார அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அங்கே அதன் பெயர் டிஜிட் குரூப்பிங். கண்ட்ரோல் பேனலில் ரீஜன், அதில் அடிஷனல் செட்டிங்ஸ் என்று போனால் அந்தத் தேர்வு இருக்கும். கடைசி மூன்று இலக்கத்துக்குப் பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்கும் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு எக்செலை மூடித் திறங்கள். 1,00,000 என்று வரும். இந்த மாற்றம் அந்தக் கணினியில் இதே அமைப்பைப் பார்க்கும் மற்ற மென்பொருள்களிலும் தெரியும், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தேடி ஒன்றும் கிடைக்காத சிக்கல்களில் இப்படி வேறு வீட்டில் இருப்பவை கணிசம். பில் அச்சாகும்போது ஓரம் வெட்டுப்படுகிறது என்றால் டேலியின் உதவியை மட்டும் பார்க்காமல், பிரிண்டரின் கையேட்டில் தாள் அளவு பற்றிய பக்கத்தையும் பாருங்கள். அந்தச் சிக்கல் வேறொரு மென்பொருளிலும் வருகிறதா என்று ஒரு தடவை சோதித்தால், யாருடைய உதவியைத் திறப்பது என்று தெரிந்துவிடும்.

கணினி பார்க்க வரும் அந்தத் தம்பியை நிறுத்திவிட வேண்டாம். டேலி திறக்கும்போதே மெமரி ஆக்சஸ் வயலேஷன் என்ற பிழை வந்தாலோ, பதிந்த கணக்கு காணாமல் போனாலோ, அங்கே தேடலை வைத்துப் பழகிப் பார்க்காதீர்கள். எதையும் அழுத்துவதற்கு முன் டேட்டா இருக்கும் ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு அவரை அழையுங்கள். பிழைச் செய்தியின் படம், டேலியின் பதிப்பு எண், அதற்கு முன் கடைசியாகச் செய்த வேலை ஆகிய மூன்றையும் அவர் வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.